அறுவையா, மருந்தா: என் தீசிஸ் எக்செல் தாளில் எங்கே தப்பு?

(இணைய மன்றத்தில் ஓர் இழை. பேசுபவர்களின் பெயர்கள் புனைபெயர்கள்.)

இரண்டாமாண்டு
அறுவைசிகிச்சைப் பிரிவில் பி.ஜி. படிக்கிறேன். குடல்வால் அழற்சிக்கு, அதாவது சிக்கலில்லாத அப்பெண்டிசைட்டிஸுக்கு, அறுவை தேவையா, ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா என்பது தீசிஸ் தலைப்பு. எங்கள் மருத்துவமனையின் மூன்று வருடக் கேஸ் ஷீட்டுகளை ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து புரட்டி எக்செல்லில் ஏற்றிவிட்டேன். அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு பக்கம், மருந்தோடு வீட்டுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம்.

மருந்துப் பக்கத்தில் தோல்வி என்று ஒருவர்கூட இல்லை. எல்லாரும் குணம். அறுவைப் பக்கத்தில் காயத்தில் சீழ், காய்ச்சல், கூடுதல் நாள் தங்கல் என்று வரிசையாக இருக்கிறது. பி மதிப்பு 0.05க்கு வெகு கீழே, அதாவது வித்தியாசமே இல்லை என்றால் இப்படி வருவது அபூர்வம். கைடு பார்த்துவிட்டு "நல்ல ரிசல்ட்தானே, எழுதிவிடு" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தினமும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற நானே நம்பாத ரிசல்ட்டை எப்படி எழுதுவது? எங்கோ தப்பு இருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

தையல்காரர்
ஒரே கேள்வி. மருந்து ஆரம்பித்தார்கள், இரண்டாம் நாளும் வலி குறையவில்லை, தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அவர் உன் தாளில் எந்தப் பக்கம்?

இரண்டாமாண்டு
அறுவைப் பக்கம் சார். கடைசியாக என்ன செய்தோமோ அதை வைத்துத்தான் பிரித்தேன்.

தையல்காரர்
அப்புறம் மருந்து எப்படியம்மா தோற்கும்? தோற்றவரையெல்லாம் தூக்கி எதிரணியில் போட்டுவிட்டாயே. அவர்கள் ஏற்கெனவே இரண்டு நாள் அழற்சி முற்றி வந்தவர்கள். அவர்களுக்குச் சீழ் பிடிப்பதும் சகஜம். அந்தப் பழியும் அறுவைக்கு.

மாத்திரை
ஹஹா. நாற்பது வருடமாக மருந்து மருத்துவர்கள் மேல் அறுவைக்காரர்கள் சொல்லிவந்த புகார் முதல்முறையாக நியாயமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
தையல்காரர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது தீசிஸ்களில் மட்டும் நடக்கிற தப்பு இல்லை.

நோயாளி வார்டுக்குள் வந்த அன்று என்ன முடிவெடுத்தீர்கள் என்பதுதான் கோஷ்டியைத் தீர்மானிக்க வேண்டும். "முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று முடிவெடுத்தால் அவர் மருந்துக் கோஷ்டி. நாளைக்கே அறுவை நடந்தாலும் மருந்துக் கோஷ்டிதான். இதைத்தான் இன்டென்ஷன் டு ட்ரீட் என்பார்கள். அறுவைக்குப் போனது அவருடைய விளைவு. நீங்கள் அந்த விளைவை எடுத்துச் சிகிச்சையின் பெயராக எழுதிவிட்டீர்கள்.

ஆனால் இந்த விதியும் எல்லா நேரமும் காப்பாற்றாது. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்போர்ட் ஆய்வைப் பாருங்கள். முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கிக் கால்வலியோடு வந்த 501 பேரை அறுவைக்கும் அறுவையில்லாச் சிகிச்சைக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். யாரும் பிரித்த இடத்தில் நிற்கவில்லை. அறுவை என்று சீட்டு விழுந்தவர்களில் பாதிப்பேர்தான் முதல் மூன்று மாதத்தில் அறுவை செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று சீட்டு விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் அதே மூன்று மாதத்தில் போய்ச் செய்துகொண்டார்கள். வலிக்கிறவன் காத்திருப்பானா? வலி குறைந்தவன் மேசையில் படுப்பானா? சீட்டுப்படி கணக்குப் போட்டால் வித்தியாசம் சின்னது, உறுதியாகச் சொல்ல முடியாதது. என்ன செய்தார்களோ அதன்படி போட்டால் அறுவைக்குப் பெரிய வெற்றி. எந்தக் கணக்கு சரி என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

மாத்திரை
அதுதான் என் கேள்வியும். சீட்டுப்படி கணக்குப் போடு, சீட்டுப்படி போடு என்று வேதம் மாதிரி ஓதுகிறீர்கள். அறுவையே செய்துகொள்ளாதவரை அறுவைக் கோஷ்டியில் எண்ணுவது நோயாளிக்கு என்ன பதில் சொல்கிறது? என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் "அறுவை செய்தால் சரியாகுமா" என்று கேட்கிறார். "அறுவை என்று தாளில் எழுதினால் சரியாகுமா" என்று கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை
நியாயமான கேள்வி. இரண்டையும் போட்டுக் காட்டுங்கள், எதை முதலில் வைப்பீர்கள் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள் என்பதுதான் என் பதில். பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால் அவரவருக்குப் பிடித்த கணக்குத்தான் ஜெயிக்கும்.

நைட்டியூட்டி
நான் டாக்டர் இல்லை, வார்டில் செவிலியர். இருபது வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்தவள். ஒன்று சொல்லலாமா?

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். ஸ்கேன் எடுத்து அப்பெண்டிக்ஸ் என்று எழுதுவார்கள். தியேட்டரில் சிசேரியன் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கடுத்து ஒரு விபத்துக் கேஸ் வரிசையில். "டிரிப் போடுங்க, ஆன்டிபயாடிக் ஓட்டுங்க, காலையில் எடுப்போம்" என்பார் டியூட்டி டாக்டர். காலை ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பையன் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்பான். அமுக்கிப் பார்ப்பார். வலி இல்லை. "சரி, மருந்தே ஓடட்டும்."

இப்போது அவன் உங்கள் தாளில் மருந்துக் கோஷ்டி. அந்த முடிவை எடுத்தது யார்? டாக்டரா? எனக்கென்னவோ தியேட்டர் காலியில்லாததுதான் எடுத்தது என்று தோன்றும்.

கணக்குப்பிள்ளை
அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு முழுத் தீசிஸ் இருக்கிறது. தியேட்டர் காலியா இல்லையா என்பது நோயாளியின் உடம்பைச் சார்ந்ததில்லை. கிட்டத்தட்ட குலுக்கல் மாதிரி. தியேட்டர் நிரம்பிய இரவில் வந்தவர்களையும் காலியாக இருந்த இரவில் வந்தவர்களையும் ஒப்பிட்டால், டாக்டர் கையால் பொறுக்கிய கோஷ்டிகளை விட நேர்மையான ஒப்பீடு கிடைக்கும்.

ஒரே ஒரு ஓட்டை. தியேட்டர் நிரம்பியிருந்தாலும், நிஜமாகவே மோசமாக இருப்பவரை எப்படியாவது இடம் பண்ணி உள்ளே தள்ளிவிடுவீர்கள்தானே?

நைட்டியூட்டி
தள்ளிவிடுவோம். வயிறு பலகை மாதிரி இருந்தால் யாரையும் கேட்க மாட்டோம்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் காத்திருந்தவர்களை மட்டும் எண்ணக்கூடாது. அந்த இரவு வந்த எல்லாரையும் எண்ண வேண்டும், தள்ளி உள்ளே அனுப்பியவர் உட்பட.

தையல்காரர்
இன்னொரு விஷயம். மருந்துக் கோஷ்டியில் யார் யார் இருப்பார்கள் என்று யோசி. லேசான வலியோடு வந்த இளவட்டங்கள் ஒரு முனை. மறுமுனையில் இதயம் பழுது, நுரையீரல் பழுது, மயக்கமருந்து கொடுத்தால் எழுந்திருக்கமாட்டார் என்று மயக்கமருந்து மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்த எழுபது வயதுக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே நெடுவரிசையில் "மருந்து" என்று போட்டிருப்பாய். சராசரி எடுத்தால் யாரைப் பற்றிய சராசரி அது? அறுவைப் பக்கம் இருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள். வயதை மட்டும் சரிக்கட்டினால் போதாது.

அப்புறம், நாங்கள் எடுத்த குடல்வால் நோய்க்குறியியல் பிரிவுக்குப் போய் அழற்சி இருந்ததா இல்லையா என்று எழுத்தில் வந்துவிடும். சில சமயம் "இயல்பு" என்றே வரும், அதுவும் நடப்பதுதான். மருந்துக்காரர்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் குடல்வால் அழற்சியே இல்லை, சும்மா நெறிகட்டி வலித்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது. இல்லாத நோய் மருந்தில் குணமாகிவிடும், சந்தேகமில்லாமல்.

இரண்டாமாண்டு
சார், தாளைத் திறக்கவே பயமாக இருக்கிறது இப்போது.

வயது, வெள்ளையணு எண்ணிக்கை, எத்தனை நாள் வலி, எத்தனை நாள் தங்கல் என்று 20 ஒப்பீடு போட்டிருக்கிறேன். அதில் மூன்றோ நான்கோ நட்சத்திரக் குறியோடு, அதாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே, வந்தன. அவையாவது நிற்குமா?

கணக்குப்பிள்ளை
இரண்டு கோஷ்டிக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் இல்லை, 20 ஒப்பீடும் ஒன்றையொன்று சாராதவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றாவது 0.05க்குக் கீழே தற்செயலாக வர 64 சதவீத வாய்ப்பு. நட்சத்திரத்தைப் பார்த்துப் பரவசப்பட வேண்டாம்.

"ஒருவர்கூடத் தோற்கவில்லை" என்பதைப் பற்றியும் ஒன்று. பூஜ்ஜியம் என்பது பூஜ்ஜியம் இல்லை. உதாரணத்துக்கு 60 பேரில் தோல்வி 0 என்றால், 3ஐ 60ஆல் வகுங்கள். உண்மையான தோல்வி விகிதம் 5 சதவீதம் வரை இருந்தாலும் உங்கள் தாளில் பூஜ்ஜியம் வந்திருக்கலாம். 300 பேரில் பூஜ்ஜியம் என்றால் 1 சதவீதம் வரை. மூன்றின் விதி என்பார்கள். விரல்விட்டுப் போடலாம்.

கைடுக்குக் காட்ட ஒரு பழைய கதையும் தருகிறேன். 1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக்கல் ஆய்வு. கீறித் திறந்து கல் எடுத்த 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 சதவீதம். முதுகுப்பக்கம் சின்னத் துளை போட்டு எடுத்த 350 பேரில் 289 பேருக்கு, 83 சதவீதம். துளைதான் நல்லது என்று எழுதிவிடுவோம், இல்லையா? இப்போது கல்லின் அளவை வைத்துப் பிரியுங்கள். சின்னக் கல்: திறந்த அறுவையில் 87க்கு 81, துளையில் 270க்கு 234. பெரிய கல்: திறந்த அறுவையில் 263க்கு 192, துளையில் 80க்கு 55. வகுத்துப் பாருங்கள். சின்னக் கல்லிலும் திறந்த அறுவைதான் மேல், பெரிய கல்லிலும் அதுதான் மேல். கூட்டினால் மட்டும் தோற்கிறது. ஏனென்றால் கஷ்டமான பெரிய கல்லையெல்லாம் திறந்த அறுவைக்கு அனுப்பிவிட்டு, சுலபமானதைத் துளைக்குக் கொடுத்தார்கள்.

மாத்திரை
நான் இதை மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றுகிறது.

பழையஃபைல்
ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டாமாண்டு மேடம், உங்கள் பட்டியலில் இருந்த எல்லா ஃபைலும் அலமாரியில் கிடைத்ததா?

இரண்டாமாண்டு
இல்லை. கொஞ்சம் காணவில்லை. கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பழையஃபைல்
அதைச் சொல்லத்தான் வந்தேன். ஃபைல் சும்மா காணாமல் போகாது. நான் வேலை பார்த்த இடத்தில் இறந்தவர்களின் ஃபைல் பொது அலமாரிக்கு வரவே வராது. இறப்புத் தணிக்கைக்கென்று தனி அறைக்குப் போய்விடும். கோர்ட்டுக்குப் போனது, புகார் வந்தது, இன்ஷூரன்ஸ்காரன் கேட்டது எல்லாம் கண்காணிப்பாளர் மேசையில். அபூர்வமான கேஸ் என்றால் கருத்தரங்கில் பேச யாராவது டாக்டர் வாங்கிக்கொண்டு போயிருப்பார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. அலமாரியில் தூசியோடு ஒழுங்காக உட்கார்ந்திருப்பதெல்லாம் வந்தார், குணமானார், போனார் என்கிற மெல்லிய ஃபைல்கள்தான். தடிமனான ஃபைலைத் தேடுங்கள்.

உள்நோயாளிப் பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணாக எடுத்து, எது வந்தது எது வரவில்லை என்று முதலில் பட்டியல் போடுங்கள். மூன்று நாள் வேலை. தும்மல் வரும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

தையல்காரர்
பழையஃபைல் ஐயா, உங்கள் கையைக் கொடுங்கள். இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்துவைக்கிறேன்.

இதைப் படித்ததும் எர்னஸ்ட் காட்மன் ஞாபகம் வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் பாஸ்டனில் இருந்த அறுவைசிகிச்சை நிபுணர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார், சரியாகவில்லை என்றால் யார் தவறு என்று எழுத வேண்டும் என்றார். மற்றவர்கள் கேட்கவில்லை. தானே ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கி, 1911 முதல் 1916 வரை வீட்டுக்கு அனுப்பிய 337 பேரில் நடந்த 123 பிழைகளைத் தானே அச்சடித்து வெளியிட்டார். சக மருத்துவர்களிடம் அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறாயா?

தழும்பு
நான் மருத்துவத் துறை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இதே குடல்வால் வலி வந்து, மருந்தா அறுவையா என்று என்னையே முடிவெடுக்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் கொடுத்தார்கள். கடைசியில் அறுவைதான். அதனால்தான் இந்தப் பெயர்.

உங்கள் பேச்சு பாதி புரிகிறது. இவ்வளவு தகராறு ஏன்? உலகத்தில் யாரும் இதை ஒழுங்காகக் குலுக்கிப் போட்டுப் பார்த்ததில்லையா?

மாத்திரை
பார்த்திருக்கிறார்கள். முக்கியமானவை இரண்டு.

பின்லாந்தில் அப்பாக் என்ற ஆய்வு. ஆறு மருத்துவமனை, 530 பேர், ஸ்கேனில் உறுதியான சிக்கலில்லாத குடல்வால் அழற்சி. பாதிக்கு அறுவை. மற்றவர்களுக்கு மூன்று நாள் நரம்பு வழி ஆன்டிபயாடிக், பிறகு ஏழு நாள் மாத்திரை. 2015-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 27 சதவீதம் பேர் அறுவைக்குப் போனார்கள். ஐந்து வருடக் கணக்கில் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது.

அடுத்தது அமெரிக்காவில் கோடா, 25 மருத்துவமனை, 1552 பேர், 2020. 90 நாளில் மருந்துக்காரர்களில் 29 சதவீதம் பேர் அறுவைக்குப் போனார்கள். குடல்வாலுக்குள் கல் மாதிரி இறுகிய மலத்துணுக்கு இருந்தவர்களில் 41, இல்லாதவர்களில் 25. அந்தக் கல் இருக்கிறதா இல்லையா என்பதை இரண்டாமாண்டு கட்டாயம் தாளில் சேர்க்க வேண்டும். அப்பாக்கில் அப்படிப்பட்டவர்களை உள்ளேயே விடவில்லை.

தையல்காரர்
பத்தில் நான்கு பேர் எப்படியும் எங்களிடம் வருகிறார்கள். இதற்குப் பெயர் வெற்றியா?

மாத்திரை
பத்தில் ஆறு பேர் ஐந்து வருடமாக உங்களிடம் வரவேயில்லை. அதற்குப் பெயர் என்ன?

கணக்குப்பிள்ளை
இருவரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறீர்கள்.

அப்பாக் ஆய்வாளர்கள் தொடங்கும் முன்பே, மருந்து எவ்வளவு பின்தங்கினால் பரவாயில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். 24 சதவீதப் புள்ளி. அந்தக் கோட்டுக்குள் நிற்கிறது என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. தாளில் எழுதிய விதிப்படி மருந்து தேறவில்லை. ஆனாலும் அதைப் படித்த பாதிப்பேர் "முக்கால்வாசிப் பேருக்கு அறுவை தேவைப்படவில்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். கோடா வேறு கேள்வி கேட்டது: 30ஆம் நாள் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அதற்கு நோயாளிகள் தந்த மதிப்பெண்ணில் மருந்து அறுவைக்குப் பின்தங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இரண்டாமாண்டு கவனிக்க வேண்டும். "நோய் திரும்ப வந்ததா" என்பதை அளவுகோலாக வைத்தால் அறுவை தோற்கவே முடியாது. எடுத்துவிட்ட குடல்வால் மறுபடி வீங்காது. நீங்கள் போட்ட கணக்கில் மருந்து தோற்க முடியாமல் இருந்தது. இந்த அளவுகோலில் அறுவை தோற்க முடியாது. ஒரு பக்கம் தோற்கவே வழியில்லாத ஆட்டத்தில் மறுபக்கம் தோற்றது என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அப்பாக்கின் ஐந்து வருடக் கணக்கில் சிக்கல்களை எண்ணியபோது அறுவைப் பக்கம் 24 சதவீதம், மருந்துப் பக்கம் 6.5.

தையல்காரர்
அதையும் முழுசாகச் சொல்லுங்கள். அப்பாக்கில் பெரும்பாலும் வயிற்றைக் கீறித் திறந்து செய்த அறுவை. இன்று லேப்ராஸ்கோப்பியில் மூன்று துளை. அந்த 24ஐ இன்றைய அறுவைமேல் ஏற்றாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
ஒப்புக்கொள்கிறேன்.

தழும்பு
என்னிடம் அந்த அரைமணி நேரத்தில் இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால்... சரி விடுங்கள், அப்போதும் அறுவைதான் கேட்டிருப்பேன். மறுபடி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வயிற்று வலிக்கும் பயந்துகொண்டிருக்க என்னால் முடியாது. அது உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் வருகிறது?

நைட்டியூட்டி
எந்தக் கட்டத்திலும் வராது தம்பி. டிஸ்சார்ஜ் சம்மரியில் "நலமுடன் வீடு திரும்பினார்" என்று ஒரே வரி. அதையும் பழைய சம்மரியிலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். ஆண் நோயாளிக்கு "கர்ப்பப்பை இயல்பு" என்று வந்த சம்மரியை நானே பார்த்திருக்கிறேன்.

தழும்பு
இன்னொரு சந்தேகம். மருந்து ஆய்வில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுவைக்கு என்ன செய்வார்கள்? சும்மா கீறித் தைத்துவிடுவார்களா?

மாத்திரை
கேலியாகக் கேட்டாலும் பதில் ஆமாம்தான். குடல்வாலில் இல்லை, வேறு இடங்களில்.

1950களில் நெஞ்சுவலிக்கு மார்பிலுள்ள ஒரு தமனியைக் கட்டிவிடும் அறுவை பிரபலமாக இருந்தது. செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றார்கள். 1959-இல் 17 பேரை எடுத்து, பாதிப்பேருக்குத் தோலை மட்டும் கீறி, தமனியைத் தொடாமல் தைத்தார்கள். அவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது. அந்த அறுவை அதோடு வழக்கொழிந்தது. 2002-இல் முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை: 180 பேர், இரண்டு வருடம் பார்த்தார்கள், தோலை மட்டும் கீறியவர்களைவிட எதிலும் மேலாக இல்லை.

எனக்குப் பிடித்தது 2017-இல் வந்த ஆர்பிட்டா. 200 பேர், சீரான நெஞ்சுவலி, ஒரு ரத்தக்குழாயில் மட்டும் கடுமையான அடைப்பு. முதலில் ஆறு வாரம் எல்லாருக்கும் மருந்தைச் சரியாகக் கொடுத்தார்கள். பிறகு எல்லாரையும் மேசையில் படுக்கவைத்து, மயக்க ஊசி போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள், டாக்டர்கள் பேசுவது கேட்கக்கூடாது என்று. ஒரு கோஷ்டிக்கு ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழாய், வைத்தார்கள், மற்றவர்களுக்கு வைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டதில், ஸ்டென்ட் வைத்தவர்கள் கூடுதலாக ஓடியது சராசரியாக 16.6 விநாடி. புள்ளிவிவரப்படி அதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தையல்காரர்
தொடர்ச்சியையும் சொல்லு. 2023-இல் அதே குழு நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரில் இதேபோல் செய்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. மாரடைப்பின் நடுவில் வைக்கிற ஸ்டென்டைப் பற்றி இந்த ஆய்வுகள் பேசவேயில்லை. யாரும் இதைப் படித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

தழும்பு
ஹெட்போன் போட்டு ஒன்றுமே செய்யாமல் அனுப்புவது. எனக்கு அது ஏமாற்று மாதிரிதான் படுகிறது.

கணக்குப்பிள்ளை
முன்கூட்டியே சொல்லி, எத்திக்ஸ் கமிட்டி பார்த்து, அவர்கள் கையெழுத்திட்ட பிறகுதான். உங்களுக்குப் படுவது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலன் இல்லாத கீறலை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பலன் உண்டு என்று நம்பிச் செய்துகொண்டிருந்தார்களே, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இரண்டாமாண்டு, உங்கள் ஃபாலோ-அப் எவ்வளவு காலம்?

இரண்டாமாண்டு
டிஸ்சார்ஜ் வரை. அதற்குப் பிறகு ஒரு ரிவ்யூ. பாதிப்பேர் வரவில்லை.

கணக்குப்பிள்ளை
வராதவர்களை என்னவென்று எழுதினீர்கள்?

இரண்டாமாண்டு
குணம் என்று. வலி இருந்தால் வந்திருப்பார்களே.

நைட்டியூட்டி
வந்திருப்பார்கள். எங்கே என்பதுதான் கேள்வி.

தையல்காரர்
இதயம் பலவீனமானவர்களுக்கு பைபாஸ் செய்யலாமா, மருந்து மட்டுமா என்று 1212 பேரில் பார்த்த ஸ்டிச் ஆய்வு ஒன்று உண்டு. சுமார் ஐந்து வருடம் பார்த்தபோது இறப்பு பைபாஸில் 36 சதவீதம், மருந்தில் 41. உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம் என்று விட்டார்கள். ஆனால் தொடர்ந்து பின்தொடர்ந்தார்கள். பத்து வருடத்தில் 59க்கு 66. இப்போது உறுதி. முதல் மாதத்தில் மட்டும் பார்த்திருந்தால் பைபாஸ் ஆளைக் கொல்கிறது என்று முடிவு கட்டியிருப்பார்கள், ஏனென்றால் அறுவையின் ஆபத்து பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். நீ டிஸ்சார்ஜோடு கணக்கை முடிக்கிறாய். அறுவையின் கெட்டது பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். மருந்தின் கெட்டதில் நிறைய அதற்குப் பிறகுதான் வரும்.

ஃபோன் எண் இருக்கிறதல்லவா? கமிட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடு.

இரண்டாமாண்டு
சில கேஸ் ஷீட்டில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது சார்.

பழையஃபைல்
பத்தாவது இலக்கம் ஸ்கேன் ரசீதில் இருக்கும். அங்கே சரியாக எழுதுவார்கள், காசு வாங்குகிற இடம்.

---

*ஏழு வாரம் கழித்து*

இரண்டாமாண்டு
எல்லாருக்கும் வணக்கம். இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும்.

கமிட்டி அனுமதி வந்தது. வந்த அன்று எடுத்த முடிவை வைத்து மறுபடி பிரித்துவிட்டேன். "மருந்தில் யாருமே தோற்கவில்லை" என்ற வரி முதல் நாளே போய்விட்டது. அறுவைப் பக்கம் சீழ் பிடித்தவர்களில் கணிசமானவர்கள் மருந்தில் ஆரம்பித்து மாறியவர்கள்தான், தையல்காரர் சார் சொன்னபடியே. கல் இருந்ததா என்று ஸ்கேன் அறிக்கைகளை மறுபடி படித்துச் சேர்த்தேன். தியேட்டர் பதிவேட்டையும் வாங்கியிருக்கிறேன், நைட்டியூட்டி அக்காவின் யோசனைக்காக. அது இந்தத் தீசிஸில் முடியாது என்று நினைக்கிறேன். காணாத ஃபைல்களில் பாதி கிடைத்தது. தடிமன்தான்.

கைடு முதலில் கோபப்பட்டார். "நட்சத்திரமெல்லாம் போச்சே" என்றார். சிறுநீரகக்கல் ஆய்வை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கால்குலேட்டரை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒப்பீடு என்று தலைப்பில் போடாதே, எங்கள் அனுபவம் என்று போடு" என்றார்.

மாத்திரை
உன் கைடு நல்ல மனுஷன். என் கைடு கால்குலேட்டரை என்மேல் எறிந்திருப்பார்.

தையல்காரர்
ஃபோன்?

இரண்டாமாண்டு
அதைச் சொல்லத்தான் வந்தேன். மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுக்கிறார்கள். பாதிப்பேர் லோன் கம்பெனி என்று நினைத்துக் கட் செய்கிறார்கள்.

நேற்று ஒருவரைப் பிடித்தேன். மருந்துக் கோஷ்டி, நான்கு நாளில் வீட்டுக்குப் போனவர், ரிவ்யூவுக்கு வரவில்லை, என் பழைய தாளில் "குணம்". வயிற்று வலி அப்புறம் எப்போதாவது வந்ததா என்று கேட்டேன். "அதையா கேக்கறீங்க, அதை எடுத்தாச்சேம்மா" என்றார். வேறு மருத்துவமனையில். எங்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் சரியாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களே" என்கிறார்.

கணக்குப்பிள்ளை
எடுத்த தேதியைக் கேட்டீர்களா? எத்தனையாவது நாள் என்பது வேண்டும்.

இரண்டாமாண்டு
கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். மகள் பிறந்த மறுவாரம் என்று மட்டும் தெரியுமாம். மகளின் பிறந்தநாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.